பிறக்காத எஞ்சினுக்கு எழுதிய ஜாதகம்

புளியரையிலிருந்து கோட்டைவாசலுக்கு ஏறும் 744-ஆம் தேசிய நெடுஞ்சாலையில், எஸ் வளைவு தொடங்குவதற்குச் சற்று முன்பாக ஒரு டீக்கடையும், அதன் பக்கச் சுவரைத் தன் பின்சுவராகக் கொண்ட ஓர் இருசக்கர வாகனப் பட்டறையும் இருக்கின்றன. செங்கோட்டையில் உதிரிப்பாகக் கடை நடத்தும் நான் அந்தப் பட்டறைக்கு கேபிள், பேரிங், செயின் ஸ்பிராக்கெட் என்று கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை என்றாலும் வண்டி தானாக அந்தப் பக்கம்தான் திரும்பும். பட்டறை அண்ணாச்சியைத் தவிர, புனலூரிலிருந்து மலை இறங்கி வரும் ஒரு சேட்டன், ஆரியங்காவுக் கல்லூரிப் பையன்கள் மூவர், கொல்லம் பக்கத்துக் கோயில் உற்சவங்களுக்கெல்லாம் போய் வாசித்துவிட்டு வரும் தவில்கார மாமா ஒருவர் என்று எங்களுக்கு ஒரு நிரந்தரச் சபை உண்டு. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பிறகு திருக்கொச்சி என்று அந்தப் பக்கத்தோடுதான் இருந்தது என்பதாலோ என்னவோ, சபையில் யார் எந்த மொழியில் தொடங்கி எந்த மொழியில் முடிக்கிறார்கள் என்பதை எவரும் கவனிப்பதில்லை.

2016 தொடங்கி ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அந்தச் சபை ஒரே பொருளைத்தான் விவாதித்தது. ராயல் என்ஃபீல்டு நிறுவனம் இரட்டை சிலிண்டர் எஞ்சின் ஒன்றைத் தயாரித்து வருகிறது, அது நம் மாநிலத்து ஆலையிலிருந்தே வெளிவரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியிருந்த காலம் அது. அந்த எஞ்சின் எப்படி இருக்கும், எத்தனை சிசி, எத்தனை குதிரைத்திறன், என்ன விலை என்று நாங்கள் போட்ட கணக்குகள் பட்டறையின் சிமெண்ட் தரையில் சாக்குக்கட்டியாலும், டீக்கடைக்காரரின் பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் பேனாவாலும் எழுதப்பட்டவை. தாள்களை நான் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன். இப்போது 2025-இல் அதே நிறுவனத்தின் இன்னொரு எஞ்சினைப் பற்றி அதே இடத்தில் அதே மாதிரிப் பேச்சு தொடங்கியிருப்பதால், பழைய தாள்களை எடுத்துப் பார்த்தேன். எங்களில் யார் யூகம் பலித்தது என்பதைவிட, பலித்தவருக்கு அது எந்த வழியாகப் பலித்தது என்பதுதான் எனக்கு இப்போது சுவையாகப் படுகிறது.

முதலில், இரண்டாவது சிலிண்டருக்கு நாங்கள் ஏன் அப்படி ஏங்கினோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர்ச் சாலையைப் பார்க்காதவருக்கு அது புரியாது. புளியரையிலிருந்து ஏறும்போது முன்னால் எப்போதும் ஒரு லாரி இருக்கும். எம் சாண்டோ ஜல்லியோ வைக்கோலோ ஏற்றிக்கொண்டு, மாட்டு வண்டி வேகத்தில் முனகியபடி போகும். அதை முந்துவதற்குக் கிடைக்கும் நேரான சாலை இரண்டு வளைவுகளுக்கு இடையே சில நூறு அடிதான். பெரிய ஒற்றை சிலிண்டர் வண்டிகளில் வேகம் மிகவும் குறைந்து கியர் உயரமாக இருந்தால், பிஸ்டனின் ஒவ்வோர் அடியும் செயினில் ஓர் இழுப்பாகத் தெரியும், வண்டி உதறும். கியரைக் குறைத்து முறுக்கினால் கைப்பிடி, மிதி, இருக்கை எல்லாம் அதிரும். ஒருமுறை என் பழைய ஒற்றை சிலிண்டர் வண்டி கழுதுருட்டி அருகே, பதிமூன்று கண் பாலத்தைப் பார்த்தபடி போய்க்கொண்டிருந்தபோது, நம்பர் பிளேட்டைத் தாங்கும் தகட்டைத் தானாகவே கழற்றிப் போட்டுவிட்டது. நான் அதைத் தேடித் திரும்பி வந்தபோது ஒரு பாட்டி அதைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

டீக்கடைக்காரர் இதற்கெல்லாம் ஓர் உவமை வைத்திருந்தார். செங்கோட்டையிலிருந்து புனலூருக்குப் போகும் ரயிலுக்கு இந்த மலையில் முன்னால் ஓர் எஞ்சின், பின்னால் ஓர் எஞ்சின் வேண்டும். 1904-இல் திறந்த அந்தப் பாதை மீட்டர் கேஜ் காலத்திலும் அப்படித்தான் ஓடியது; 2010-இல் மூடி, அகலப் பாதையாகி 2018-இல் மீண்டும் திறந்தபோதும் அப்படித்தான். "ரயிலுக்கே ரெண்டு வேணும், ஒங்களுக்கு ஒண்ணு போதுமா?" என்பார். எஞ்சினியரிங் கணக்கில் இரண்டுக்கும் தொடர்பில்லை என்று நான் விளக்க முயன்று, பிறகு விட்டுவிட்டேன்.

முதல் சண்டை சிலிண்டர்கள் எப்படி நிற்கும் என்பதில் வந்தது. ஆரியங்காவுப் பையன்கள் மூவரும் வி வடிவக் கட்சி. ஹார்லி டேவிட்சன்போல இரண்டு சிலிண்டர்கள் சாய்ந்து விரிந்து நிற்க வேண்டும், இல்லையென்றால் அது எஞ்சினே இல்லை என்பது அவர்கள் கொள்கை. அண்ணாச்சி கேட்டுக்கொண்டே ஒரு கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். எண்பதுகளில் எஸ்கார்ட்ஸ் தயாரித்த ராஜ்தூத் 350 வண்டியை, அந்த இரு சிலிண்டர் இரு ஸ்ட்ரோக் யமஹாவின் இந்தியப் பிறவியை, மலைக்கு மேலே இருந்த ஒரு ரப்பர் எஸ்டேட் மேலாளருக்காகப் பல ஆண்டுகள் பராமரித்தவர் அவர். எங்கள் சபையில் இரட்டை சிலிண்டரைக் கையால் தொட்டுப் பழகியவர் அவர் ஒருவரே. "ரெண்டு சிலிண்டர்னா ரெண்டு வாய்ல்லா? ரெண்டுக்கும் தீனி போடணும். வி-ன்னா ரெண்டு அடுப்பு, பக்கத்து பக்கத்துலன்னா ஒரே அடுப்புல ரெண்டு கண்ணு. எது செலவு கம்மி?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் இருந்த நுட்பம் எனக்கு அப்போது உடனே எட்டவில்லை. வி வடிவத்தில் இரண்டு சிலிண்டர்களுக்கும் தனித்தனி ஹெட் என்ற மேல்மூடி, வால்வுகளைத் திறந்து மூடத் தனித்தனி கேம் ஏற்பாடு, முன்னால் ஒரு புகைக்குழாய், பின்னால் உட்காருபவரின் தொடைக்கருகே சூடாக இன்னொன்று என்று எல்லாம் இரட்டிப்பாகும். சக்கரங்களுக்கு இடையே இடமும் நீளமாக வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இணை சிலிண்டரில் ஒரே வார்ப்பு, ஒரே ஹெட், காற்று இரண்டின்மீதும் ஒருசேரப் படும். பிரிட்டனில் டிரையம்ப் நிறுவனத்துக்காக எட்வர்ட் டர்னர் வடிவமைத்து 1937-இல் அறிமுகமாகி விற்பனைக்கு வந்த 498 சிசி ஸ்பீடு ட்வின் வண்டியின் வெற்றிக்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம்: ஒற்றை சிலிண்டர் வண்டி அளவுக்கே கச்சிதமான இடத்தில் அது அடங்கியது. அதற்குப் பிறகு பிரிட்டிஷ் ஆலைகள் எல்லாம் அந்த வழியில்தான் போயின. ராயல் என்ஃபீல்டும் 1948-இல் 500 சிசி இணை சிலிண்டரில் தொடங்கி, 1952-இல் மீட்டியர், அறுபதுகளில் 736 சிசி இன்டர்செப்டர் என்று வளர்த்தது. இங்கிலாந்தில் அந்தக் கதை 1970-இல் முடிந்தது. 1955-இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவோ, திருவொற்றியூரில் ஒற்றை சிலிண்டர் புல்லட்டை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டது. வீட்டின் மூத்த கிளை பட்டுப்போய், அயலூருக்குத் தத்துப் போன பிள்ளையின் வம்சம் தழைத்த கதைதான் இது.

சென்னைக்கு வெளியே சோதனை ஓட்டத்தில் பிடிபட்ட வண்டிகளின் படங்கள் கைபேசிகளில் வரத் தொடங்கியதும் வி கட்சி கலைந்தது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைலன்சர்கள், நிமிர்ந்து நிற்கும் சிலிண்டர்கள், அவற்றுக்கு முன்னால் ஒரு சிறிய ஆயில் கூலர். பையன்கள் ஒரு வாரம் வரவில்லை.

அடுத்த கேள்வி கொள்ளளவு. நான் அழுத்தந்திருத்தமாக 750 என்றேன். என் காரணம் முழுக்க முழுக்கப் பாசம்: பழைய இன்டர்செப்டர் 736 சிசி, அந்தப் பெயர் திரும்பி வரும் என்ற செய்தியும் காற்றில் இருந்தது, ஆகவே அந்த எண்ணும் திரும்பி வரும் என்று நம்பினேன். அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணீரால் குளிரூட்டுவதற்கான ரேடியேட்டர் படங்களில் இல்லை, வெறும் ஆயில் கூலர்தான் தெரிகிறது, அப்படியானால் இரண்டு சிலிண்டர்களும் ஒட்டி நிற்கும் நடுப்பகுதியில் சூட்டை வெளியேற்றுவதுதான் அவர்களுடைய தலைவலி, அதனால் மிதமாகத்தான் போவார்கள் என்றார்.

இங்கேதான் புனலூர் சேட்டன் புகுந்தார். அவருடைய தம்பி மனைவி அயர்லாந்தில் செவிலியர், தம்பியும் அங்கேயே. புனலூர்ப் பக்கம் இது அதிசயமே இல்லை, மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் இப்படி யாராவது இருப்பார்கள். தம்பி அங்கே இருசக்கர வாகன உரிமம் எடுக்க முயன்றுகொண்டிருந்தார். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் ஏ2 என்று ஓர் உரிம வகுப்பு இருக்கிறது; அதை வைத்திருப்பவர் 35 கிலோவாட்டுக்கு மேல் சக்தியுள்ள வண்டியை ஓட்டக்கூடாது. சேட்டன் இதைச் சொல்லிவிட்டு, "அண்ணாச்சி, இவங்க வண்டிய அங்கேயும் விக்கணுமல்லே? அப்போ அந்த வரம்புக்குள்ளதான் நிக்கும்" என்றார். நான் அப்போதே நாட்காட்டித் தாளில் 35 கிலோவாட்டைக் குதிரைத்திறனாக மாற்றி எழுதினேன்: 46.9. பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருக்கிறேன். 60 குதிரைத்திறன் என்று கத்திக்கொண்டிருந்த பையன்களுக்கு அது ஏமாற்றமாக இருந்தது, எனக்கும்தான். 750 சிசி எஞ்சினை வைத்துக்கொண்டு எவனாவது 47-இல் நிறுத்துவானா என்று வாதாடினேன். நிறுத்த மாட்டான் என்பதுதான் சரி. ஆனால் அதிலிருந்து எட்ட வேண்டிய முடிவு, எஞ்சின் 750 ஆக இருக்காது என்பதே. கணக்கு சரியாகப் போட்டு விடையைத் தலைகீழாக எழுதியிருந்தேன்.

இனி என் பெரிய தோல்வி. இரண்டு பிஸ்டன்களையும், அவற்றின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்கில் எத்தனை பாகை இடைவெளியில் பொருத்துவார்கள் என்பது எங்கள் விவாதங்களில் மிக நீண்டது, மிக மூர்க்கமானதும்கூட. தெரியாதவர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்கிறேன். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை, அதாவது 720 பாகைக்கு ஒருமுறை வெடிக்கும். இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும் 360 பாகைக் கிராங்கில், ஒரு சுற்றுக்கு ஒன்றாக வெடிப்புகள் சம இடைவெளியில் விழும். பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் ஒழுங்கான முழக்கம் அது. ஆனால் இரண்டு பிஸ்டனும் ஒரே பக்கம் ஓடுவதால் அதிர்வு ஒற்றை சிலிண்டருக்கு இளைத்ததல்ல. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும் 180 பாகைக் கிராங்க், ஒரே உரலில் இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போடுவதைப் போன்றது: மேலும் கீழுமான குலுக்கல் அடங்கும், ஆனால் வெடிப்புகள் அடுத்தடுத்து இரண்டு, பிறகு நீண்ட மௌனம் என்று நொண்டும். மூன்றாவது, 270 பாகை. யமஹா 1995-இல் டிஆர்எக்ஸ் 850 வண்டியில் அதைக் கொண்டுவந்தது. பிரிட்டிஷ் பரம்பரைப் பெயரைச் சூட்டப்போகிறவர்கள் ஜப்பானியக் கிராங்கையா வைப்பார்கள் என்று நான் கேட்டேன். 360 என்று தரையில் பெரிதாக எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டேன்.

2017 சாரல் காலத்தில், சோதனை வண்டியொன்றின் ஒலிப்பதிவு பையன்களில் ஒருவனுக்கு எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. நின்ற நிலையில் எஞ்சின் ஓடும் ஓசை, சுமார் பத்து நொடி. மழைக்கு ஒதுங்கி எல்லோரும் பட்டறைக்குள் நின்றிருந்தோம். நிமிடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் சுற்று ஓடும் எஞ்சினில் ஒரு நொடிக்கு இருபது வெடிப்பு வரை விழும். அதைக் காதால் எண்ண முடியாது. பையன் ஏதோ ஒரு செயலியில் அதை எட்டில் ஒரு பங்கு வேகத்துக்குக் குறைத்தான். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ மரத்தை வெட்டுவதைப் போல ஓசை வந்தது. அதுவரை எங்கள் பேச்சில் கலந்துகொள்ளாமல் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த தவில்கார மாமா, டிவிஎஸ் எக்ஸ்எல் ஒன்றைத் தவிர வேறு வண்டியையே தொடாதவர், ஸ்பானர்கள் கிடந்த மேசையின் விளிம்பில் விரலால் தட்டத் தொடங்கினார். முதலில், ஏழு எண்ணிக்கை கொண்ட தாளமான மிச்ர சாப்பு மாதிரி இருக்கிறது என்றார். பிறகு தலையை அசைத்து, இன்னொருமுறை போடச் சொன்னார். நாலாவது முறை கேட்டபின், "ஏழு இல்ல. எட்டு. மூணும் அஞ்சுமா பிரிச்சுப் போடுதான்" என்றார். தகிட, தகதகிட. ஒவ்வொரு சொல்லின் முதல் 'த'விலும் ஒரு வெடிப்பு.

நான் தாளை எடுத்து எழுதிப் பார்த்தேன். 720 பாகையை எட்டாகப் பிரித்தால் தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு, அதாவது ஓர் அட்சரத்துக்கு 90. மூன்று அட்சரம் 270, ஐந்து அட்சரம் 450. இரண்டு பிஸ்டன்களுக்கிடையே 270 பாகை இருக்கும் எஞ்சினில் வெடிப்புகள் சரியாக அந்த இடைவெளிகளில்தான் விழும். என்னுடைய 360 பாகை என்றால் நாலும் நாலும், தகதிமி தகதிமி. 180 என்றால் இரண்டும் ஆறும். மாமாவுக்குக் கிராங்க் என்றால் என்னவென்று தெரியாது. பாகைக் கணக்கை நான் விளக்கியபோதும் அவர் அக்கறை காட்டவில்லை. எனக்கோ, கடையில் ஆயிரம் கிராங்க் பேரிங் விற்றும் இந்தக் கணக்கை ஒருமுறைகூடத் தாளமாகப் போட்டுப் பார்க்கத் தோன்றாததில் வெட்கமாக இருந்தது.

பையன்களுக்கு ஆறுதலாக இன்னொன்றும் அந்தக் கணக்கில் இருந்தது. 90 பாகை வி எஞ்சினும் இதே 270, 450 இடைவெளியில்தான் வெடிக்கிறது. ஆக, அவர்கள் கேட்ட வி வடிவம் கிடைக்காவிட்டாலும் வி ஓசை கிடைத்துவிட்டது. ஆனால் அவர்கள் ஆராதித்த ஹார்லியின் 45 பாகை வி, 315-உம் 405-உமாக வெடிப்பது. மாமாவின் கணக்கில் மூன்றரையும் நாலரையும். "அரை அட்சரமா? அத வாசிக்கிறவன் கெட்டிக்காரன்தான்" என்று அவர் மரியாதையோடு சொன்னார்.

ஓசைக்காக மட்டும் எவரும் இப்படிச் செய்வதில்லை. பிஸ்டன் மேலே போய் ஒரு கணம் நின்று, கீழே வந்து ஒரு கணம் நின்று ஓடுவது. 360-இலும் 180-இலும் இரண்டு பிஸ்டன்களும் ஒரே கணத்தில் நிற்கின்றன, ஒரே கணத்தில் விரைகின்றன. அந்தத் தடுமாற்றம் முழுவதையும் கிராங்க்தான் வாங்கிக் கொடுத்துச் சமன்செய்ய வேண்டும். 270-இல் ஒன்று நிற்கும்போது மற்றது நடுவழியில் ஏறத்தாழ முழு வேகத்தில் இருக்கும். ஒன்றின் வேகக் குறைவை மற்றதன் ஓட்டம் ஈடுகட்டுவதால் கிராங்க் சீராகச் சுழல்கிறது. சுற்றுக்கு இருமுறை வரும் மென்மையான அதிர்வும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. மிஞ்சும் ஆட்டத்துக்கு ஒரு பேலன்சர் தண்டு வைத்துவிடுவார்கள். முறுக்கும்போது வண்டி உதறாமல் எழும். லாரிக்குப் பின்னால் காத்திருந்து சட்டென்று எழ வேண்டிய எங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

2017 நவம்பரில் இத்தாலியின் மிலான் மோட்டார்சைக்கிள் கண்காட்சியில் இன்டர்செப்டர் 650, கான்டினென்டல் ஜிடி 650 இரண்டும் வெளியிடப்பட்டன. இணை சிலிண்டர், 648 சிசி, 78 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 67.8 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 270 பாகைக் கிராங்க், பேலன்சர், காற்றும் ஆயிலும் சேர்ந்த குளிரூட்டல், 47 குதிரைத்திறன், 52 நியூட்டன் மீட்டர் டார்க் எனும் சுழற்று விசை, ஆறு கியர். நான் தாளில் கேள்விக்குறி போட்ட 46.9 பக்கத்தில், அன்று இரவு சிவப்பு மையால் ஒரு சரிக்குறி போட்டேன். என்னுடைய 750-ஐயும் 360-ஐயும் அடித்துவிட்டேன். அழுத்த விகிதம் 9.5:1 என்பதையும் அண்ணாச்சி பாராட்டினார். ஊருக்குள் எந்த பங்கில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலையும் குடித்து ஓடட்டும் என்று நினைத்துச் செய்திருக்கிறார்கள் என்பது அவர் விளக்கம்.

2018 ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது சேட்டன் பல வாரங்கள் இந்தப் பக்கம் வரவே இல்லை. நாங்களும் எஞ்சினைப் பற்றிப் பேசவில்லை. அதே ஆண்டு நவம்பர் 14-இல் விலையை அறிவித்தார்கள். விலை விஷயத்தில் சபையில் ஒருவர் விடாமல் எல்லோரும் தோற்றோம். நான் நான்கு லட்சம் என்றிருந்தேன், சேட்டன் மூன்றரை, அண்ணாச்சி மூன்றேகால். இன்டர்செப்டரின் ஷோரூம் விலை இரண்டரை லட்சம். இவ்வளவு மலிவாக ஓர் இரட்டை சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் வண்டியைத் தர முடியும் என்பது எங்கள் கற்பனைக்குள் அடங்கவில்லை. அதுவரை நாங்கள் பார்த்த அப்படிப்பட்ட வண்டிகள் எல்லாம் கவாசாகி நின்ஜாவைப் போல, பார்த்துப் பெருமூச்சு விடுவதற்கென்றே வந்தவை.

இந்த மலையில் நாங்கள் முதன்முதலில் பார்த்த இன்டர்செப்டர் 2019 தொடக்கத்தில் சபரிமலைக் கூட்டம் ஓய்ந்தபின் வந்தது. கொல்லம் பதிவெண். டீ குடிக்க நிறுத்தியவரிடம், எஞ்சினை அணைக்க வேண்டாம் என்று அண்ணாச்சி கேட்டுக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சைலன்சருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேட்டார். பிறகு எழுந்து ஹெட்டைச் சுற்றிப் பார்த்து, டேப்பெட் சரிசெய்ய மூடியைக் கழற்றுவதற்கு ஸ்பானர் நுழைய இடம் இருக்கிறதா என்று விரலை விட்டு அளந்தார். வண்டிக்காரருக்கு இது விசாரணைபோலத் தோன்றியிருக்கலாம். டீக்காசை அண்ணாச்சியே கொடுத்தார்.

தாள்களை இப்போது புரட்டும்போது ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. நானும் பையன்களும் எங்களுக்கு வேண்டியதை எழுதிவிட்டு அதை யூகம் என்று சொல்லிக்கொண்டோம். பலித்தவை எல்லாம் தயாரிப்பவனைக் கட்டிப்போடுவது எது என்று கேட்டவர்களின் கணிப்புகள்: அயர்லாந்து உரிமத்தின் வரம்பு, ஆயில் கூலரின் அளவு, ஒரே ஹெட்டின் சிக்கனம். மாமா அதுவும் செய்யவில்லை, வெறுமனே கேட்டார். அண்ணாச்சி அப்போதே இதை ஒரு வரியில் சொல்லியிருக்கிறார், நான்தான் தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதிவைத்து மறந்திருக்கிறேன்: "நீ கேக்கறத அவன் செய்ய மாட்டான் தம்பி, அவனுக்கு ஏலுனதத்தான் செய்வான்."

அந்த 35 கிலோவாட் கதை அத்தோடு முடியவுமில்லை. 2023 டிசம்பரில் அப்ரிலியா, மகாராஷ்டிரத்தின் பாராமதி ஆலையில் தயாரித்த ஆர்எஸ் 457-ஐ இந்தியாவில் அறிமுகப்படுத்தியது. இணை சிலிண்டர், 270 பாகை, 47.6 குதிரைத்திறன். 2024 மிலான் கண்காட்சியில் பிஎம்டபிள்யூ காட்டிய 450 மாதிரி வண்டிக்கு 48. சிலவற்றில் குதிரைத்திறனைப் பிரிட்டிஷ் கணக்கில் சொல்கிறார்கள், சிலவற்றில் மெட்ரிக் கணக்கில். கிலோவாட்டாக மாற்றினால் எல்லாம் அந்த 35-இல்தான் வந்து முட்டுகின்றன. சேட்டன் இப்போது தன் தம்பியைவிடப் பெரிய உரிம வல்லுநர்.

இப்போது பேச்சு 750. அதே நிறுவனம் 750 சிசி இரட்டை சிலிண்டர் ஒன்றைச் சோதித்து வருகிறது என்று சொல்கிறார்கள். மூடிமறைத்த வண்டிகளின் படங்கள் மறுபடியும் வருகின்றன. பழைய பாடத்தை நினைவில் வைத்து, இந்த முறை ஆசையை ஒதுக்கிவைத்துக் கணக்கோடு தொடங்கினேன். பழைய எஞ்சினையே பெரிதாக்குகிறார்கள் என்று வைத்துக்கொண்டால் இரண்டு வழி. ஸ்ட்ரோக்கை 67.8-இலேயே விட்டுவிட்டு போரை 78-இலிருந்து ஏறத்தாழ 84 மில்லிமீட்டர் ஆக்கலாம். அல்லது போரை அப்படியே விட்டு ஸ்ட்ரோக்கை 78.5-க்கு நீட்டலாம். ஸ்ட்ரோக்கை நீட்டினால் கீழ்ச்சுற்றில் இழுவை கூடும், எங்கள் மலைக்கு நல்லது. ஆனால் அதே 7,250 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 16.4 மீட்டரிலிருந்து 19-ஐ நெருங்கும். கிராங்க், கனெக்டிங் ராட், சிலிண்டரின் உயரம் எல்லாம் மாற வேண்டும். போரைப் பெருக்கினால் கிராங்க் தப்பிக்கும், ஆனால் இரண்டு சிலிண்டர்களுக்கிடையே இருக்கும் உலோகம் மெலியும், நடுவில் சூடு ஏறும். அண்ணாச்சி போர் என்கிறார். பழைய கிராங்கை வார்க்கிற அச்சு இருக்கும்போது அதை எவன் தூக்கிப் போடுவான் என்பது அவர் வாதம். நான் ஸ்ட்ரோக் பக்கம். மறுபடியும் எனக்கு வேண்டியதைத்தான் சொல்கிறேனோ என்ற சந்தேகம் எனக்கே இருக்கிறது.

வரியும் இந்த முறை விவாதத்தில் நுழைந்துவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடாகக் குறைந்தது. அதற்கு மேலானவற்றுக்கு, முன்பு கூடுதல் வரியோடு 31 ஆக இருந்தது 40 ஆனது. இரட்டை சிலிண்டர் கனவு இதோடு போயிற்று என்றான் பழைய பையன்களில் ஒருவன். இப்போது அவனுக்கு வேலையும் இரண்டு வயது மகளும் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 350 சிசி என்ற கோட்டைத் தாண்டிய பிறகு 650-க்கும் 750-க்கும் விழுக்காடு ஒன்றுதான்; நனைவது என்று ஆனபின் முழங்கால் தண்ணீரென்ன, இடுப்பளவு தண்ணீரென்ன என்று தயாரிப்பவர் நினைக்கவும் இடமுண்டு. சேட்டனோ வரியைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஏ2 வரம்பைத் தாண்டி வந்தவர்களுக்கு அங்கே அடுத்த வண்டி வேண்டும், அவர் தம்பிக்கும் முழு உரிமம் கிடைத்துவிட்டது, ஆகவே 750 வந்தே தீரும் என்கிறார்.

கிராங்க் பாகையைப் பற்றி மட்டும் இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை. போன வாரம் ஒரு புதிய ஒலிப்பதிவு கிடைத்தது. காற்று இரைச்சலும் பேருந்து ஹாரனும் கலந்த ஏழெட்டு நொடி. எட்டில் ஒரு பங்காகக் குறைத்தும் எங்களால் ஒன்றும் பிரித்தறிய முடியவில்லை. அண்ணாச்சி மேசையில் தட்டிப் பார்த்து நாலும் நாலும் என்றார், பிறகு அவரே இல்லை என்றார். மாமா உற்சவ வாசிப்புக்காகக் கொட்டாரக்கரைக்குப் போயிருக்கிறார், வெள்ளிக்கிழமை திரும்புகிறார். அதுவரை அந்தப் பதிவை அழிக்கக் கூடாது என்று டீக்கடைக்காரர் எங்கள் மூவரின் கைபேசியிலும் அதை ஏற்றி வைத்திருக்கிறார். பந்தயம் வழக்கம்போல எல்லோருக்கும் பார்டர் புரோட்டாவும் நாட்டுக்கோழி வறுவலும், தோற்பவர் கணக்கில்.